பட்டியலில் எழுதாத வெட்டுகள்

ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் போதவில்லை என்று ஒரு மாநில அரசு சொல்லத் தொடங்கினால், அதன் முன் மூன்று வழிகளே இருக்கின்றன. காப்பீடு பெறுபவர்களில் சிலரை வெளியேற்றலாம். காப்பீட்டின் கீழ் வரும் சிகிச்சைகளில் சிலவற்றை நிறுத்தலாம். மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் தரும் தொகையைக் குறைக்கலாம். சிக்கனம், சீர்திருத்தம், பொறுப்புணர்வு என்று எந்தப் பெயரைச் சூட்டினாலும், சட்டமன்றத்தில் நடக்கும் நீண்ட விவாதங்கள் எல்லாம் கடைசியில் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து முடிகின்றன. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஓரிகன் மாநிலம் கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த மூன்றையும் செய்து பார்த்திருக்கிறது. போர்ட்லாந்துக்கு மேற்கே பீவர்ட்டனில் குடியிருப்பவன் என்ற முறையில் அந்த வரலாற்றைச் சில காலமாகத் தேடிப் படித்து வருகிறேன். வெளிப்படையாகச் செய்யப்படும் வெட்டைக் காட்டிலும், வெட்டு என்றே சொல்லப்படாமல் செய்யப்படும் வெட்டுதான் அதிகம் பேரைப் பாதிக்கிறது என்பது அதிலிருந்து எனக்குத் தெளிவானது. 2027இல் இந்த மாநிலம் மீண்டும் அதே இடத்துக்கு வரவிருப்பதால், அதை இப்போதே எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மெடிக்கெய்ட் என்பது 1965இல் தொடங்கப்பட்ட, வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு. அதை நடத்துவது மாநில அரசு. செலவை மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓரிகனில் வழக்கமான பயனாளிகளுக்கு ஆகும் செலவில் ஏறத்தாழ 60 சதவீதத்தை மத்திய அரசு கொடுக்கிறது. அப்படியானால் மாநிலம் தன் பங்கில் 40 டாலரைக் குறைத்தால், வெளியிலிருந்து வரவேண்டிய 60 டாலரும் சேர்ந்து போய்விடும். மாநில நிதியறிக்கையில் 40 டாலர் மிச்சம் என்று காட்டப்படுவது, மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் 100 டாலர் இழப்பாக இறங்குகிறது. இன்னொன்று, மத்திய அரசைப் போல மாநிலங்கள் பற்றாக்குறை பட்ஜெட் போட முடியாது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் வரவும் செலவும் சமமாக இருந்தாக வேண்டும் என்ற விதி உண்டு. பொருளாதாரம் சரியும்போது வேலையிழந்தவர்கள் மெடிக்கெய்டை நாடி வருவார்கள். அதே மாதங்களில் வரி வருவாயும் விழும். தேவை மிகுதியாகும் நாளும் பணம் குறையும் நாளும் ஒன்றாகவே வருகின்றன. ஓரிகனில் விற்பனை வரி கிடையாது; மாநிலத்தின் பொது நிதி பெரும்பாலும் வருமான வரியையே நம்பியிருப்பதால், இங்கே அந்தச் சரிவு மற்ற மாநிலங்களைவிடக் கடுமையாக இருக்கும்.

1987இல் தலைநகர் சேலத்தில் கூடிய சட்டமன்றம் (நம் சேலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) ஒரு முடிவெடுத்தது. இதயம், கல்லீரல், எலும்பு மஜ்ஜை போன்ற உறுப்புமாற்றுச் சிகிச்சைகளுக்கு மெடிக்கெய்ட் இனிப் பணம் தராது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சுமார் 30 பேருக்குத் தேவைப்படக்கூடிய அந்தத் தொகையைக் கொண்டு சுமார் 1,500 கர்ப்பிணிகளுக்கு அடிப்படைப் பராமரிப்பு அளிக்கலாம் என்பது கணக்கு. கணக்கு என்ற அளவில் அதில் குறை காண்பது கடினம். ஆனால் அந்த 30 பேரில் ஒருவன் 7 வயதுச் சிறுவனாக இருந்தான். ரத்தப் புற்றுநோய் வந்த அவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற ஒரு லட்சம் டாலர் தேவைப்பட்டது. குடும்பத்தினர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டத் தொடங்கினார்கள்; தொகை முழுவதும் சேர்வதற்குள் 1987 டிசம்பரில் அவன் இறந்துபோனான். அவன் முகம் நாடெங்கும் தொலைக்காட்சியில் வந்தது. 1988 தொடக்கத்தில், உறுப்புமாற்று நிதியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை சட்டமன்றத்தின் அவசரநிலைக் குழுவுக்கு வந்தபோது, அதை எதிர்த்து நின்றவர் செனட் தலைவர் ஜான் கிட்ஸ்ஹேபர். அவர் ரோஸ்பர்க் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் அவசரப் பிரிவு மருத்துவராகப் பணியாற்றியவர்.

ஒரு மருத்துவர் குழந்தையின் உயிர்காக்கும் சிகிச்சைக்குப் பணம் தர மறுத்தார் என்று கேட்டதும் மனம் கொதிக்கும். அவருடைய வாதத்தை முழுமையாகப் படித்த பிறகு எனக்கு அவர்மீது மதிப்பு வந்தது. அவர் சொன்னது இது: காப்பீடே இல்லாத பல லட்சம் பேர் மாநிலத்தில் இருக்கிறார்கள். வருமான வரம்பைச் சற்றுக் கீழே இறக்குவதன் மூலம் சட்டமன்றம் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானவர்களைச் சத்தமில்லாமல் வெளியேற்றுகிறது. அவர்களில் யார் எப்போது இறந்தார் என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. பெயர் தெரிந்த ஒருவருக்காக மனமிரங்கி, பெயர் தெரியாத ஆயிரம் பேரை மறப்பது நியாயமாகாது என்பதே அவர் சொன்னதன் சாரம். எதற்குப் பணம் தருகிறோம் என்பதற்கு மட்டுமின்றி, எதற்குத் தர மறுக்கிறோம் என்பதற்கும் சட்டமன்றம் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் அவர் கருதினார். அந்தக் கருத்திலிருந்து பிறந்ததே 1989ஆம் ஆண்டுச் சட்டம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள அனைவருக்கும் காப்பீடு கொடுப்பது. பணம் போதாவிட்டால் மனிதர்களை வெளியேற்றாமல் சிகிச்சைகளைக் குறைப்பது. எந்தச் சிகிச்சை முதலில், எது பிறகு என்று ஒரு முன்னுரிமைப் பட்டியலைப் பொதுமக்கள் முன்னிலையில் தயாரிப்பது என்று அது முடிவு செய்தது.

பட்டியலைத் தயாரிக்க 11 பேர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது: ஐந்து மருத்துவர்கள், ஒரு பொதுச் சுகாதாரச் செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், பொதுமக்கள் சார்பில் நால்வர். ஊர் ஊராகக் கூட்டங்கள் நடத்தி, எந்தச் சிகிச்சையை மக்கள் பெரிதாக மதிக்கிறார்கள் என்று கேட்டார்கள். கூட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களாகவும் ஏற்கெனவே காப்பீடு உள்ளவர்களாகவும் இருந்தார்கள். மெடிக்கெய்டை நம்பி வாழ்பவர்கள் மிகக் குறைவு. 1990இல் வந்த முதல் பட்டியல் செலவுக்கும் பயனுக்கும் உள்ள விகிதத்தைக் கணினியில் போட்டு எடுக்கப்பட்டது. அதில் பல்லுக்கு உறை போடுவது, கருப்பைக்கு வெளியே கரு தங்கிய பெண்ணுக்குச் செய்யும் உயிர்காப்பு அறுவைச் சிகிச்சைக்கு மேலே இடம்பெற்றிருந்தது. நல்லவேளையாக அதை யாரும் மூடிமறைக்க முடியவில்லை, ஏனெனில் பட்டியல் அச்சிட்டு வெளியிடப்பட்டிருந்தது. கடும் விமர்சனம் எழுந்தது. ஆணையம் அதைக் கைவிட்டு, சிகிச்சைகளைப் 17 வகைகளாகப் பிரித்து, உயிர் காப்பவற்றையும் தாய் சேய் நலத்தையும் மேலே வைத்து 1991இல் புதிய பட்டியலைக் கொடுத்தது. மொத்தம் 709 வரிகள். சட்டமன்றத்துக்கு வரிசையை மாற்றும் அதிகாரம் கிடையாது. கையிலுள்ள பணத்தைப் பார்த்து எங்கே கோடு போடுவது என்பதை மட்டுமே அது முடிவு செய்யலாம். 587ஆவது வரியின் கீழே கோடு போட்டார்கள்; கோட்டுக்கு மேலே உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே பணம் கிடைக்கும்.

எதிர்ப்பு சாதாரணமாக இருக்கவில்லை. குழந்தைகள் நல அமைப்புகளும், அப்போது டென்னசி மாநிலத்தின் செனட்டராக இருந்த ஆல் கோரும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். கோடு போடுபவர்களுக்கு அந்தக் கோடு பொருந்தாது. ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே பொருந்தும் என்பதே அவர்களின் முதன்மையான வாதம். அந்த வாதம் இன்றைக்கும் வலுவானதே. சட்டமன்ற உறுப்பினர்களின் சொந்தக் காப்பீட்டுக்கும் அதே கோடு என்று அன்று எழுதியிருந்தால், 587 என்ற எண் இன்னும் பல வரிகள் கீழே இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். மெடிக்கெய்ட் விதிகளிலிருந்து விலக்கு கேட்ட ஓரிகனின் விண்ணப்பத்தை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி 1992 ஆகஸ்டில் புஷ் நிர்வாகம் நிராகரித்தது. திருத்தங்களுடன் மீண்டும் அனுப்பப்பட்ட விண்ணப்பத்துக்கு 1993 மார்ச்சில் கிளின்டன் நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. 1994 பிப்ரவரி 1 அன்று, 696 வரிகளில் 565 வரை என்ற கோட்டுடன் ஓரிகன் மருத்துவத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஏழைகளுக்குச் சிகிச்சையை மறுக்கும் கொடுமையான பட்டியல் என்று நாடே பேசிய அந்தக் கோட்டினால் முதல் ஐந்து ஆண்டுகளில் மிச்சமானது மொத்தச் செலவில் சுமார் 2 சதவீதம்தான் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 1987இல் நிறுத்தப்பட்ட உறுப்புமாற்றுச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை பட்டியலில் கோட்டுக்கு மேலேயே வந்துவிட்டன. பழைய மெடிக்கெய்டில் இல்லாத சில சிகிச்சைகளும் சேர்ந்தன. காரணம் எளிது. இந்த வரியில் இருக்கும் இந்த நோய்க்கு இனிச் சிகிச்சை இல்லை என்று எழுத்தில் போட்டு, கூட்டத்தில் வாசித்து, கையெழுத்திட வேண்டும் என்ற நிலை வந்தபோது அதைச் செய்ய உறுப்பினர்களுக்கு மனம் வரவில்லை. வெட்டு வெளிச்சத்துக்கு வந்தபோது வெட்டும் கை தயங்கியது. பணத்துக்கு வேறு வழி தேடினார்கள். 1996இல் ஒரு பெட்டி சிகரெட்டின் வரியை 30 சென்ட் உயர்த்த மக்களே வாக்களித்து, அந்தப் பணத்தை இத்திட்டத்துக்குக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுமார் 18 சதவீதமாக இருந்த காப்பீடு இல்லாதோர் விகிதம் 1996 வாக்கில் 11 சதவீதமாகக் குறைந்தது.

பிறகு 2001 வந்தது. நாட்டிலேயே வேலையின்மை மிகுந்த மாநிலங்களின் வரிசையில் ஓரிகன் முன்னணிக்கு வந்தது. இங்கே ஒரு விசித்திரமான விதியைச் சொல்லியாக வேண்டும். மதிப்பிட்டதைவிட 2 சதவீதமோ அதற்கு மேலோ வருவாய் கூடுதலாக வந்தால், அந்தக் கூடுதல் தொகை முழுவதையும் வரி செலுத்தியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இங்கே அதற்குக் ‘கிக்கர்’ என்று பெயர். 2000இல் அது அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. அதன்படி, பொருளாதாரம் சரியத் தொடங்கிவிட்ட 2001ஆம் ஆண்டின் இறுதியில், முந்தைய நல்ல ஆண்டுகளின் உபரி காசோலைகளாக வீடுகளுக்குப் போனது. சில மாதங்களில் கஜானா வறண்டது. 2002இல் மட்டும் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தொடர் ஐந்து முறை கூட்டப்பட்டது. வரி உயர்த்த ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதி இருந்ததால் முடிவு மக்களிடம் விடப்பட்டது. 2003 ஜனவரி 28 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில், வருமான வரியைத் தற்காலிகமாகச் சற்று உயர்த்தும் 28ஆம் தீர்மானம் தோற்றது. எங்கள் பக்கத்து ஊரான ஹில்ஸ்பரோவில் அந்த ஆண்டு பள்ளிகளைக் குறித்த நாளுக்கு 17 நாள் முன்பாகவே மூடிவிட்டார்கள். பள்ளி மூடியது நாடெங்கும் செய்தியானது. மருத்துவத் திட்டத்தில் நடந்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

பட்டியல் இருக்கிறதே, கோட்டை மேலே ஏற்றிப் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். திட்டத்தை உருவாக்கியவர்களின் எண்ணமும் அதுவே. ஆனால் கோட்டை வேண்டிய அளவுக்கு ஏற்ற மத்திய அரசு இணங்கவில்லை. எனவே மாநிலம் வேறு வழியைத் தேடியது. பயனாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் போன்ற, சட்டம் கட்டாயமாக்கிய பிரிவினர் ஒரு பக்கம். மாநிலம் தானாக முன்வந்து சேர்த்துக்கொண்ட, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள மற்றப் பெரியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாம் பிரிவினருக்கு 2003 முதல் மாதக் கட்டணம் கண்டிப்பாக்கப்பட்டது. வருமானத்தைப் பொறுத்து மாதம் 6 டாலரிலிருந்து 20 டாலர் வரை. வருமானமே இல்லாதவரும் 6 டாலர் கட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினால் பெயர் நீக்கம். நீக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குத் திரும்பச் சேர முடியாது. மருத்துவரைப் பார்க்கவும் மருந்து வாங்கவும் தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டும். மார்ச் மாதம் முதல் பல் சிகிச்சை, மனநலச் சிகிச்சை, போதைப்பழக்க மீட்புச் சிகிச்சை ஆகியவையும் அவர்களுக்கு நிறுத்தப்பட்டன.

6 டாலர் என்பது இங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாத தொகை. சட்டமன்றத்தில் அதை ஆதரித்தவர்கள், பயனாளிகளுக்கும் ஒரு பொறுப்புணர்வு வரட்டும் என்றுதான் பேசினார்கள். ஆனால் வங்கிக் கணக்கு இல்லாதவர், நிலையான முகவரி இல்லாமல் உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்குபவர், மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர், இவர்கள் ஒவ்வொரு மாதமும் குறித்த தேதிக்குள் ஒரு பண அஞ்சல் வாங்கி அனுப்ப வேண்டும் என்பதன் கடினத்தை வசதியாக இருப்பவர்கள் உணர்வதில்லை. ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்த அந்தப் பிரிவு, ஓராண்டுக்குள் பாதிக்கும் கீழே சரிந்தது. வருமானமே இல்லாதவர்கள்தான் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் வெளியேறினார்கள். எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் ‘50,000 பேரை நீக்குகிறோம்’ என்று ஒரு தீர்மானம் கொண்டுவரவில்லை. அப்படி ஒரு தீர்மானம் வந்திருந்தால் அது நிச்சயமாகத் தோற்றிருக்கும். கட்டண அட்டவணை ஒன்று மாறியது, அவ்வளவுதான். 1989இல் கிட்ஸ்ஹேபர் எதை நிறுத்த வேண்டும் என்று பாடுபட்டாரோ, அதே சத்தமில்லாத வெளியேற்றம், அவர் உருவாக்கிய திட்டத்துக்குள்ளேயே, 1995 முதல் 2003 வரை அவர் ஆளுநராக இருந்த காலத்தின் கடைசி மாதங்களில் திட்டமிடப்பட்டு, 2003இல் நடந்து முடிந்தது. (இங்கே ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் ஊர் முதல்வருக்கு இணையான பொறுப்பு.)

2003 பிப்ரவரியில், வருமானம் வரம்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மருந்துச் செலவு தாங்க முடியாதவர்களுக்காக நடந்துவந்த தனித் திட்டம் ஒன்றும் முழுமையாக நிறுத்தப்பட்டது. அதில் இருந்தவர்களில் வலிப்பு நோயாளி ஒருவர், மாத்திரை வாங்க வழியில்லாமல் நிறுத்திய சில நாட்களில் கடும் வலிப்பு வந்து நினைவிழந்தார். பல மாதங்கள் தீவிர சிகிச்சையில் இருந்தும் பிழைக்கவில்லை. அவருடைய மாத்திரைகளுக்கு ஆன செலவு, அந்த மருத்துவமனைச் செலவின் ஓரத்துக்குக்கூட வராது. 1987இல் இறந்த சிறுவனுக்காக நாடு முழுவதும் விவாதித்தது. இவரைப் பற்றி மாநிலத்துக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் குறைவு. இரண்டு மரணங்களையும் அருகருகே வைத்துப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

2004 பிப்ரவரியில் இன்னொரு வரித் தீர்மானமும் வாக்கெடுப்பில் தோற்றது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் பெரியவர்களுக்கான அந்தப் பிரிவில் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பழையவர்கள் ஒவ்வொருவராக விலக விலகச் சில ஆண்டுகளில் அது சுருங்கியது. 2008இல் சுமார் 10,000 பேரைப் புதிதாகச் சேர்க்கப் பணம் இருப்பது தெரிந்ததும், யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யக் குலுக்கல் முறை அறிவிக்கப்பட்டது. ஐந்து வாரங்களில் ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். ஓர் அரசு மருத்துவக் காப்பீட்டைக் குலுக்கலில் கொடுத்ததை நாகரிகமற்ற செயல் என்று பலர் கண்டித்தார்கள். எனக்கோ, 6 டாலர் கட்டணத்தைவிட அது நேர்மையானதாகத் தோன்றுகிறது. இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்பதை அரசு வாய்விட்டுச் சொன்னது.

அந்தக் குலுக்கலால் வேறொரு நன்மையும் விளைந்தது. காப்பீடு கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் தற்செயல் மட்டுமே பிரித்ததால், காப்பீடு மனிதனுக்கு என்ன செய்கிறது என்பதை இரு தரப்பையும் ஒப்பிட்டு அளக்க முடிந்தது. ஏமி ஃபிங்கெல்ஸ்டைன், கேத்தரின் பெய்க்கர் ஆகிய பொருளியல் அறிஞர்கள் தலைமையில் நடந்த ஆய்வு இன்று உலகெங்கும் பாடமாக நடத்தப்படுகிறது. காப்பீடு பெற்றவர்கள் மருத்துவரிடம் அதிகம் போனார்கள். மனச்சோர்வு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. வருமானத்தில் பெரும்பகுதியை மருத்துவச் செலவே விழுங்கும் நிலை அநேகமாக இல்லாமல் போனது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் நீரிழிவுக் கட்டுப்பாட்டிலும் புள்ளியியல் முறையில் உறுதியான முன்னேற்றம் தெரியவில்லை. அவசரப் பிரிவுக்குச் செல்வது குறையும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, 40 சதவீதம் கூடியது. காப்பீட்டை எதிர்ப்பவர்கள் பிந்தையதையும் ஆதரிப்பவர்கள் முந்தையதையும் மேடைகளில் எடுத்துச் சொல்கிறார்கள். கடன் தொல்லையும் மனச்சோர்வும் நீங்குவது சிறிய பயன் என்று சொல்பவர்கள், மருத்துவமனைக் கடனுக்காக நகையையும் நிலத்தையும் இழந்த ஒரு குடும்பத்தையாவது அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதும் எண் வேறு. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களுக்குப் படிவம் அனுப்பி, 45 நாட்களுக்குள் நிரப்பித் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். சுமார் 60 சதவீதத்தினர்தான் அனுப்பினார்கள். அனுப்பியவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் தகுதி வரம்புக்குள் வரவில்லை. முடிவில், அதிர்ஷ்டம் கைகொடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே காப்பீடு பெற்றார்கள். தாங்களே விரும்பிப் பெயர் கொடுத்த மனிதர்களில் பத்தில் நான்கு பேரை ஒரு படிவம் தடுத்து நிறுத்தியது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்போது வரவிருக்கும் வெட்டு படிவத்தின் வடிவில்தான் வருகிறது. 2014இல் ஒபாமா காலத்துச் சட்டத்தின்படி மெடிக்கெய்ட் விரிவாக்கப்பட்டு, புதிதாகச் சேரும் பெரியவர்களின் செலவில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. மாநிலத்தின் பங்குக்காக மருத்துவமனைகள்மீதும் காப்பீட்டு நிறுவனங்கள்மீதும் போடப்பட்ட வரியை, 2018 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் ஓரிகன் மக்கள் 60 சதவீதத்துக்கு மேலான ஆதரவுடன் ஏற்றார்கள். 2003இல் வருமான வரிக்கு மறுப்புச் சொன்ன அதே மாநிலம்! இன்று ஓரிகனில் ஏறத்தாழ 14 லட்சம் பேர், மூன்றில் ஒருவர், இத்திட்டத்தில் இருக்கிறார்கள். 2023 ஜூலை முதல் குடியேற்ற நிலை எதுவாக இருந்தாலும் வருமானத் தகுதி உள்ள அனைவரும் சேரலாம். இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோருக்கு வேலை தரும் நிறுவனத்தின் காப்பீடு இருப்பதால், இது பிறருடைய விஷயம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. கணினிச் சில்லு ஆலைகளில் அண்மையில் நடந்த ஆட்குறைப்புக்குப் பிறகு, அந்த எண்ணம் சில வீடுகளிலாவது மாறியிருக்கிறது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான மத்திய அரசின் சட்டம், பத்து ஆண்டுகளில் மெடிக்கெய்டுக்கான மத்தியச் செலவில் 90,000 கோடி டாலருக்கு மேல் குறைக்கும் என மதிப்பிடப்பட்டுள்ளது. எந்தச் சிகிச்சையையும் நிறுத்துவதாக அது நேரடியாகச் சொல்லவில்லை. விரிவாக்கத்தின் மூலம் சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ, படிப்போ, தொண்டோ செய்வதைப் பதிவு செய்ய வேண்டும்; 2027 ஜனவரி 1க்குள் விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்கள் இதைத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நடந்த தகுதிச் சரிபார்ப்பு அவர்களுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும். 2018இல் மக்கள் ஆதரித்த அந்த மருத்துவமனை வரியின் உச்சவரம்பையும், விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்களில் 6 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3.5 சதவீதத்துக்கு இறக்குகிறது.

வேலை செய்பவர் வேலை செய்வதைக் காட்டுவதில் என்ன சிரமம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆர்கன்சா மாநிலம் 2018இல் இதைச் செய்து பார்த்தது. மணிக்கணக்கை இணையத்தில் மட்டுமே பதிய வேண்டும் என்று தொடங்கினார்கள். அந்த இணையதளம் இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை மூடப்பட்டிருந்தது. சில மாதங்களில் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. விதிக்கு உட்பட்ட வயதினரில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே நிபந்தனையை நிறைவு செய்தவர்கள் அல்லது விலக்குப் பெறத் தகுதியானவர்கள் என்று ஆய்வு காட்டியது. வேலைவாய்ப்பும் கூடவில்லை. 2003இன் 6 டாலர் செய்த வேலையை ஆர்கன்சாவில் ஒரு பூட்டிய இணையதளம் செய்தது.

ஓரிகன் இதற்கு நேர்மாறான திசையில் போய்க்கொண்டிருந்தது. ஆறு வயது வரை குழந்தைகளுக்கு இடையில் எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் தொடர்ச்சியான காப்பீடு, மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம் என்று 2022இல் அது சிறப்பு அனுமதி பெற்றது. அத்தகைய அனுமதிகளைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று மத்திய அரசு 2025இல் அறிவித்துவிட்டது. ஆகவே 2027இல் சேலத்தில் கூடும் சட்டமன்றம், இரண்டு ஆண்டு பட்ஜெட்டை எழுதும்போது, குறைந்துபோன மத்திய நிதியை எதைக் கொண்டு நிரப்புவது என்று விவாதித்தே ஆக வேண்டும். 2023இல் மாநிலத்தின் வருவாய் உபரி 560 கோடி டாலராக இருந்து, கிக்கர் விதிப்படி அது முழுவதும் வரி செலுத்தியவர்களிடம் திரும்பிப் போனது; என் வரிக் கணக்கிலும் ஒரு தொகை கழிந்தது. அதில் ஒரு பகுதியையாவது இத்தகைய நாட்களுக்காக மாநிலத்திடமே விட்டுவைக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து. அது எளிதில் நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பணம் இல்லை என்ற பேச்சு தொடங்கும்போது, பணம் எங்கே போயிற்று என்பதும் அதே அறையில் பேசப்பட வேண்டும்.

சட்டமன்றக் குழு ஒரு மசோதாவை விசாரிக்கும்போது, கூட்டம் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் கருத்துரை அனுப்பலாம். பட்ஜெட் விசாரணைகளுக்கு நான் எழுதி அனுப்பவிருப்பது இதைத்தான்: ஒவ்வொரு கட்டணத்துக்கும், ஒவ்வொரு புதிய படிவத்துக்கும், ஒவ்வொரு காலக்கெடுவுக்கும் எதிரே, அதனால் எத்தனை பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்ற மதிப்பீட்டை மசோதாவிலேயே அச்சிட வேண்டும், அவர்களில் தகுதியிருந்தும் இழப்பவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உண்மையான எண்ணிக்கையை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். சிகிச்சைகளை 709 வரிகளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு, மக்கள் முன் வைக்க 1991இலேயே இந்த மாநிலத்தால் முடிந்திருக்கிறது. பீவர்ட்டனிலும் ஹில்ஸ்பரோவிலும் இருக்கும் தமிழ் நண்பர்களில் யாரேனும் இதில் கையெழுத்திட விரும்பினால், வரைவை அனுப்பிவைக்கிறேன்.